இணைநோயும் இடையறாச் சிகிச்சையும்

(நூலக வாசகர் வட்டம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சில சொற்கள் நெடுங்காலம் புத்தகங்களுக்குள்ளேயே உறங்கிக் கிடந்து, ஏதோ ஒரு துன்பக் காலத்தில் விழித்துக்கொண்டு வீடு வீடாக நுழைந்துவிடுகின்றன. ‘இணைநோய்’ என்பது அத்தகைய ஒரு சொல். 2020ஆம் ஆண்டின் கோடைக்கு முன்னால் வைத்தியர்களாகிய நாங்களே அச்சொல்லை எங்களுக்குள் அதிகமாக வழங்கியதில்லை. அக்கோடை முடிவதற்குள் டீக்கடைப் பெஞ்சிலும் ரேஷன் கடை வரிசையிலும் அது சரளமாகப் புழங்கத் தொடங்கிவிட்டது. மாலைதோறும் சுகாதாரத் துறை வெளியிட்ட கொரோனா அறிக்கையில், இறந்துபோனவரின் வயதும், அவருக்கு ஏற்கெனவே இருந்த நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு முதலியனவும் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். தொலைக்காட்சியில் அதை வாசித்து முடித்தவுடன், கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யாராவது ஒருவர், “இணைநோய் இருந்ததாம்” என்று சொல்லி ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சில் இறந்தவருக்கான வருத்தம் கொஞ்சமும், தமக்கு அது இல்லை என்கிற நிம்மதி அதிகமும் கலந்திருந்ததைப் பல வீடுகளில் நான் கவனித்திருக்கிறேன். அதே கூடத்தின் மூலையில், பத்து வருஷமாகச் சர்க்கரை மாத்திரை விழுங்கிவரும் ஒரு தாயோ தகப்பனோ உட்கார்ந்திருப்பார். அவர் ஒன்றும் பேசமாட்டார்.

மூலையில் மௌனமாக உட்கார்ந்திருந்த அவரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அரசாங்க வைத்தியசாலைகளில் ஊழியம் செய்து, பெருந்தொற்றுக் காலம் முழுவதையும் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் கழித்து, அதன் பின்னர் ஓய்வு பெற்றவன் நான். அந்த அநுபவத்தைக் கொண்டு பார்க்கும்போது ‘இணைநோய்’ என்ற பெயர் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. இணை என்றால் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது என்று ஒரு பொருள் தொனிக்கிறதல்லவா? வந்து சேர்ந்தது கொரோனா. சர்க்கரையும் அழுத்தமும் அதற்கு வெகுகாலம் முன்பே நம் வீட்டில் குடியேறியவை. அது அடங்கிய பிறகும் காலி செய்யாமல் குடியிருப்பவை.

எத்தனை வீடுகளில் என்று கேட்பீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தேசம் முழுவதும் நடத்தப்பெற்று 2023ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல் என்றும், இரத்த அழுத்தம் உடையோர் 31 கோடிக்கு மேல் என்றும் மதிப்பிட்டது. தொகை பெரிதாயிருப்பதைக் காட்டிலும் என்னை அதிகமாகக் கலங்கச் செய்த கணக்கு வேறொன்று. தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டில் எடுத்த மாநிலக் கணக்கெடுப்பில், இரத்த அழுத்த நோயாளிகளுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு 7 பேரே. நீரிழிவில் அது நூற்றுக்கு 11 பேருக்கும் சற்றுக் குறைவு. நோயுள்ளவர்களில் பாதிப்பேருக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பலர் மருந்து எடுப்பதில்லை. எடுப்பவர்களில் பலருக்கு அளவு போதுவதில்லை. இவ்விதமாக வரப்பு உடைந்து நீர் வழிந்துகொண்டிருந்த வயலுக்குள்தான் அந்த ஆண்டு வெள்ளமும் புகுந்தது.

நாட்பட்ட நோய்க்குச் சிகிச்சை என்பது என்ன என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல அநுமதியுங்கள். இது விளங்காமல் மற்றது விளங்காது. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தால் காய்ச்சல் போகிறது, மருந்தும் நின்றுவிடுகிறது. எலும்பு முறிந்தால் கட்டுகிறோம், கூடியதும் கட்டை அவிழ்க்கிறோம். சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் அப்படி ஒரு முடிவு நாள் கிடையாது. அங்கே மருந்து, நோயை விரட்டுவதற்காக அல்ல, நோயோடு ஒப்பந்தம் செய்துகொள்வதற்காகவே கொடுக்கப்படுகிறது. அந்த ஒப்பந்தத்தைத் தினந்தோறும் காலையில் ஒரு வாய்த் தண்ணீரோடு புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். புதுப்பிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதில் ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு தவணைக் கணக்கு உண்டு. முதல்வகை நீரிழிவுள்ள குழந்தைக்கு இன்சுலின் ஓரிரு நாள் கிடைக்காமற் போனால் இரத்தத்தில் அமிலம் ஏறி மூச்சு வாங்கத் தொடங்கும். அதை மணிக்கணக்கில்தான் எண்ண வேண்டும். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு மூன்று நாள், நான்கு நாள். அதற்குமேல் தள்ளினால் இரத்தத்தில் பொட்டாசியம் சேர்ந்து இருதயத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடும். வலிப்பு நோயாளி இரண்டு வேளை மாத்திரையை விட்டால் நடுத்தெருவில் விழக்கூடும். அட்டெனலால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த மார்வலி முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பி வரும். அம்லோடிபின் சற்றுப் பொறுமையுள்ள மருந்து. ஒருநாள் மறந்தால் மறுநாள் வரையில் தாங்கும். மெட்ஃபார்மினை ஒரு மாதம் விட்டவருக்கு அந்த மாதம் ஒன்றுமே தெரியாமலும் போகலாம். கணக்கைக் கண்ணும் காலும் சிறுநீரகமும் எழுதி வைத்துக்கொண்டு, சில ஆண்டுகள் கழித்து வட்டியோடு கேட்கும்.

ஆகவே இந்நோய்களின் சிகிச்சைக்கு உயிர்நாடி மருந்தின் வீரியத்தில் இருப்பதைவிட, அது இடையறாமல் கிடைப்பதில் இருக்கிறது. இந்த இடையறாமையைத் தாங்கிக்கொண்டிருந்தது எது என்று, அது அறுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மருந்துக் கிடங்கோ நானோ அதைத் தாங்கவில்லை. காலை எட்டு மணிக்கு மலையடிவாரத்திலிருந்து புறப்பட்டு வரும் டவுன் பஸ் ஒன்றே தாங்கிக்கொண்டிருந்தது.

2020 மார்ச்சு 24ஆம் தேதி இரவு, தேசம் முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அது படிப்படியாக நீண்டது. பஸ்கள் ஜூன் மாதத்தில் சிறிது காலம் ஓடி, மறுபடியும் நின்று, செப்டம்பரில்தான் மீண்டும் ஓடத் தொடங்கின. தொற்றைத் தடுக்க அது அவசியமாக இருந்தது என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாத்திரைக்காக மாதாமாதம் வருகிறவர்களை அலையவிடக் கூடாது என்று இரண்டு மாத மருந்தை ஒரே தடவையில் கொடுக்கச் சொன்னார்கள். அதுவும் நல்ல ஏற்பாடே. ஆனால் அந்த இரண்டு மாத மருந்தை வாங்குவதற்கு ஒருமுறையாவது வந்தாக வேண்டுமே!

எங்கள் நிலையத்தில் பிரதி வாரமும் சர்க்கரை, பிரஷர் நோயாளிகளுக்கென்று ஒரு நாள் உண்டு. வேப்பமரத்தடியில் நூறு பேருக்குக் குறையாமல் கையில் நோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். ஏப்ரல் மாதத்து முதல் வாரத்தில் அந்த மரத்தடியில் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களுள் ஒரு பாட்டி, பதினொரு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தாள். நோட்டை நீட்டினாள், மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்தாள். அதற்குள் மாத்திரைகள் இருந்தன. எல்லாம் பாதிப் பாதியாக உடைக்கப்பட்டவை, சில கால் பாகம்கூட. கத்தி சரியாக விழாமல் பொடிந்துபோன துணுக்குகளையும் அவள் விடாமல் சேர்த்து வைத்திருந்தாள்.

“என்ன பாட்டி இது?” என்றேன்.

“பஸ்ஸு எப்ப விடுவாங்கன்னு தெரியலையே சாமி. இருக்கறதை வச்சு ஓட்டணுமில்ல? அதான் பாதியாப் போட்டுக்கிட்டேன்” என்றாள்.

அரிசியையும் பருப்பையும் அளந்து, அறுவடை வரையில் நீட்டிக் காலங்கழித்துப் பழகியவள் அவள்; அதே சிக்கனத்தை மருந்திலும் கையாண்டிருந்தாள். அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு நா எழவில்லை. பாதி மாத்திரை நோயைப் பாதியாகக் கட்டுப்படுத்தும் என்று அவள் எண்ணியதில் அறியாமை இருக்கலாம். ஆனால் ஒரு நாளும் மருந்தில்லாமல் இருக்கலாகாது என்பதை எங்களில் பலரைவிட அவள் திடமாக அறிந்திருந்தாள். அன்று அவளுக்கு அழுத்தம் 190க்கு மேல் இருந்தது.

இதற்கு நேர்மாறாக, மருந்து கைவசம் இருந்தும் அதைக் குப்பையில் போட்டவர்களும் உண்டு. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே ஒரு வதந்தி கிளம்பிற்று. கொரோனாக் கிருமி நம் உயிரணுவுக்குள் நுழையும் வாசல், ஏ.சி.இ.-2 என்னும் ஒரு புரதம். எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் முதலிய அழுத்த மாத்திரைகள் வேலை செய்வதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பாட்டின்மீதுதான். ஆகையால் இம்மாத்திரைகள் அந்த வாசலை இன்னும் அகலத் திறந்துவிடுமோ என்று விஞ்ஞானிகள் சிலர் ஐயம் எழுப்பினார்கள். ஐயம் நியாயமானதே, ஆராய்ச்சிக் கூடத்துக்குள் எழ வேண்டிய ஐயமே அது. கைபேசி வழியாகப் புறப்பட்டு எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் அது தீர்ப்பாக மாறிவிட்டது. “பிரஷர் மாத்திரை போட்டால் கொரோனா வரும்” என்றார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள இருதய வைத்தியச் சங்கங்கள் அதே மாதத்தில், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று வெளிப்படையாக எச்சரித்தன. பிற்பாடு பிரேசில் தேசத்தில், கொரோனாவால் வைத்தியசாலையில் சேர்ந்த அறுநூற்றுச் சொச்சம் பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இம்மாத்திரைகளை நிறுத்தியும் மறு பிரிவுக்குத் தொடர்ந்தும் பார்த்தார்கள். நிறுத்தியதால் யாதொரு நன்மையும் விளையவில்லை. அந்த முடிவு 2021 ஜனவரியில் அச்சேறியது. வதந்தி பத்து நாளில் கடந்த தூரத்தைக் கடக்க உண்மைக்குப் பத்து மாதம் பிடித்தது. இடையில் பக்கவாதம் வந்து விழுந்தவர்களின் முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது.

மற்றொரு விதமான இடையூறு, ஒரு நோயாளியின் மருந்தை ஊரார் எல்லோரும் வாங்கிக்கொண்டு போனது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மாத்திரை கொரோனாவைத் தடுக்கும் என்ற நம்பிக்கை அம்மார்ச்சில் உலகமெங்கும் பரவியது. வைத்திய ஊழியர்கள் முன்காப்பாக உட்கொள்ளலாம் என்று இங்கும் ஆலோசனை வழங்கப்பட்டது. லூபஸ், முடக்குவாதம் போன்ற நோயுடைய பெண்கள் அதை வருஷக்கணக்காக உட்கொண்டு வருகிறார்கள் என்பதை அவ்வேளையில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, இரண்டு அட்டை மாத்திரைக்காக ஏழு மருந்துக் கடைகள் ஏறி இறங்கினாள். எட்டாவது கடையில் அவளுக்குக் கொடுத்தார்கள், கொடுத்த கையோடு, “உங்கள் வீட்டில் யாருக்கம்மா கொரோனா?” என்று கேட்டார்களாம். அம்மருந்தால் கொரோனாவுக்குப் பயனில்லை என்று சில மாதங்களில் தெளிவாகியது.

இவையெல்லாம் பிறரால் நேர்ந்தவை. என்னால் நேர்ந்த ஒன்றையும் இச்சபையில் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையுள்ளவன் ஆகமாட்டேன்.

ஊரடங்கை அறிவித்த மறுநாளே, தொலைபேசி வழியாக நோயாளிக்கு ஆலோசனை சொல்வதற்கான விதிமுறைகளை இந்தியாவில் முதன்முதலாக வெளியிட்டார்கள். அடுத்த மாதம் இ-சஞ்சீவனி என்ற காணொலி வைத்தியமும் பொது மக்களுக்காகத் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதை ஏராளமானோர் பயன்படுத்தினார்கள். அது பேருபகாரம் என்பதில் ஐயமில்லை. நானும் என் கைபேசி எண்ணைக் கிராமங்களுக்கெல்லாம் கொடுத்திருந்தேன். மே மாதத்தில் ஒரு நாள் இரவு, வெகுநாளாகச் சர்க்கரைக்காக என்னிடம் வந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் பேசினார். “காலுல ஒரு சின்னப் புண்ணு சார். வலி ஒண்ணும் இல்லை” என்றார். அன்று பகல் முழுவதும் காய்ச்சல் பரிசோதனையிலே நின்று நின்று நான் களைத்திருந்தேன். சர்க்கரை நோயாளியின் காலில் வலி இல்லை என்பது நிம்மதிக்குரிய செய்தி அன்று. நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியவில்லை என்னும் அபாயச் செய்தி. மாணவர்களுக்கு நான் பலதடவை போதித்த பாடம் இது. ஆனால் அன்றிரவு நான் சொன்னது, “சரி பெரியவரே, சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், நிலைமை கொஞ்சம் சீர்ப்பட்டதும் வந்து காட்டுங்கள்” என்பதே. என் வார்த்தையை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நிலைமை சீர்ப்படட்டும் என்று ஏழு வாரம் காத்திருந்தார். அவரைக் கொண்டுவந்தபோது கால் விரல்கள் கறுத்து, பாதத்துக்கு மேலே நாற்றம் ஏறியிருந்தது. மாவட்டத் தலைநகரில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

தொலைபேசிக்குக் காது உண்டு, கண் கிடையாது. காணொலிக்குக் கண் உண்டு. ஆனால் அது நோயாளி காட்டுவதை மட்டுமே பார்க்கும். விரலிடுக்கை விலக்கிப் பார்க்காது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

வராமல் நின்றவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். இந்திய இருதய வைத்தியச் சங்கத்தார் நாடு முழுவதுமுள்ள 187 வைத்தியசாலைகளின் கணக்கைத் திரட்டியபோது, அவ்வாண்டு மார்ச்சு நடுவிலிருந்து மூன்று மாதத்தில் மாரடைப்புக்காகச் சேர்ந்தவர்களின் தொகை, முந்திய ஆண்டின் அதே மாதங்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. மாரடைப்பு அப்படிக் குறைந்துபோகவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் பலர். காசநோயிலும் இதே கதைதான்: 2019இல் நாட்டில் பதிவான நோயாளிகள் 24 லட்சம், 2020இல் 18 லட்சம். குறைந்த அந்த ஆறு லட்சம் பேர் எங்கே போனார்கள்? இருமிக்கொண்டு தம் வீடுகளில்தான் இருந்தார்கள். காசநோய்ச் சளியைச் சோதித்த இயந்திரங்களில் பலவும், சோதித்த கைகளும் கொரோனாவுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன.

2021ஆம் ஆண்டு இரண்டாம் அலை வந்தது. அந்த ஆண்டுக்கு வேறொரு விசேஷமும் உண்டு. கனடாவில் டொரான்டோ நகரத்தில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் 1921ஆம் ஆண்டில் இன்சுலினைப் பிரித்தெடுத்து, அதற்கு அப்போது நூறு வருஷம் பூர்த்தியாகியிருந்தது. அதற்கு முன்னால், முதல்வகை நீரிழிவு வந்த குழந்தைகள் எலும்பும் தோலுமாக வற்றி, ஓரிரு வருஷத்துக்குள் மரித்துப்போவார்கள். 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலில் அம்மருந்தை ஏற்றிய நாளிலிருந்துதான் அவர்களுக்கு ஆயுள் என்ற ஒன்று உண்டாயிற்று. நூற்றாண்டு விழாக் கொண்டாட வேண்டிய அந்த ஆண்டில், எங்கள் வட்டாரத்து மலைக்கிராமம் ஒன்றில் ஒன்பது வயதுச் சிறுமிக்கு இன்சுலின் கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லாமல் நாங்கள் தவித்தோம். மே மாத முழு ஊரடங்கு; ஆம்புலன்ஸ்கள் எல்லாம் பிராணவாயு தேடி ஓடிக்கொண்டிருந்தன. அச்சமயம் எங்கள் மருந்தாளுநர் அம்மையார் ஒரு யோசனை சொன்னார். பால் வண்டிக்கு மட்டும் எந்த ஊரடங்கிலும் தடையில்லை. அது தினமும் அந்த மலைக்குப் போய்ப் பால் எடுத்து வருகிறது. அன்று மாலை, ஈரத்துணி சுற்றிய டிபன் கேரியரின் மேலடுக்கில் இரண்டு குப்பி இன்சுலினை வைத்து, காலிப் பால் கேன்களுக்கு நடுவே பத்திரப்படுத்தி அனுப்பினோம். அவ்வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லை. பெரிய சட்டியில் ஆற்று மணலை ஈரமாக்கி நிரப்பி, அதற்குள் சின்ன மண்கலயத்தைப் புதைத்து, கலயத்துக்குள் குப்பியை வைத்து மூடி, காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் தெளித்து வந்தாள் அச்சிறுமியின் தாய். தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி தங்கும். நம் பாட்டிமார் பானைத் தண்ணீரைக் குளிரவைத்த அதே சாத்திரம்! பால் வண்டி ஓட்டியவர் ஐந்து வாரம் அதைத் தம் சொந்தக் காரியம்போல் செய்தார்.

அதே மாதங்களில் வேறு வீடுகளில் சர்க்கரை வேறுவிதமாக விளையாடிற்று. டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து, பிராணவாயு தேவைப்படும் அளவுக்கு நோய் முற்றிய கொரோனா நோயாளிகளின் உயிரைக் காக்கிறது என்று 2020 ஜூனில் இங்கிலாந்தில் நிரூபித்தார்கள். அதே ஆராய்ச்சி, பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை என்றும் சொல்லிற்று. முதற்பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு, இலேசான காய்ச்சலுக்கும் அதை வாங்கி விழுங்கினார்கள். ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். ஏற்கெனவே நீரிழிவுள்ளவரின் சர்க்கரையை 400, 500 என்று கொண்டுபோய் நிறுத்தும். உடம்பின் காவற்படையையும் மந்தமாக்கும். மண்ணிலும் காற்றிலும் எக்காலமும் இருந்துகொண்டு நம்மை ஒன்றும் செய்யாத ஒரு பூஞ்சைக்கு கொரோனா, ஏறிய சர்க்கரை, மந்தமான காவற்படை ஆகிய மூன்றும் கூடியது திருவிழாவாயிற்று. மூக்கில் தொடங்கி, கண்ணுக்கேறி, மூளைக்குப் போகும் ‘கறுப்புப் பூஞ்சை’யை 2021 மே மாதத்தில் அறிவிக்கத்தக்க நோயாகப் பிரகடனம் செய்ய வேண்டியதாயிற்று. அதற்குப் பலியானவர்கள், கண்ணை இழந்தவர்கள் ஆகியோரில் மிகப் பெரும்பாலோர் சர்க்கரை கட்டுக்கடங்காதவர்கள். விரல்நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துத் தினமும் பார்த்திருந்தால் அவர்களில் பலருக்குக் கண் மிஞ்சியிருக்கும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இனி, பெருந்தொற்றுக்குப் பின்னால் என்ன என்பதற்கு வருகிறேன். 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு தொடங்கிற்று. கிராமத்துப் பெண்களையே தன்னார்வலர்களாகத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, அழுத்தமானியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் மாத்திரைகளும் அடங்கிய பையோடு வீடு வீடாக அனுப்புகிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு நோய் தணிப்புச் செவிலியரும், உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் வருகிறார்கள். வயிற்றின் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளும் வருகின்றன. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்குழு ஒன்று இதற்கு விருதளித்தது. விருதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது வேறு: நான் முன்னே குறிப்பிட்ட மாநிலக் கணக்கெடுப்பை 2023-24இல் மறுபடி நடத்தியபோது, அழுத்தம் கட்டுக்குள் உள்ளவர்கள் நூற்றுக்கு 7லிருந்து 17 ஆகவும், சர்க்கரை கட்டுக்குள் உள்ளவர்கள் 11க்குக் குறைவாக இருந்ததிலிருந்து 17க்குச் சமீபமாகவும் உயர்ந்திருந்தார்கள். நான்கு வருஷத்தில் இது சாதாரண வளர்ச்சி அன்று. ஆனால் நூற்றுக்கு 83 பேர் இன்னும் வெளியில் நிற்கிறார்கள் என்பதையும் அதே கணக்கு சொல்கிறது.

இத்திட்டத்தை நான் மனமாரப் பாராட்டுகிறவன். அதனாலேயே ஒன்று சொல்லும் உரிமையை எடுத்துக்கொள்கிறேன். மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுப்பது பாதி வேலை. கொடுத்த மாத்திரை போதுகிறதா என்று அளந்து பார்ப்பதும், போதாவிட்டால் அளவை மாற்றுவதும் மறுபாதி. மாதந்தோறும் அழுத்தம் 170 என்று நோட்டில் எழுதி, மாதந்தோறும் அதே மாத்திரையை அதே அளவில் கொடுத்துவரும் நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். எழுதிய பெண்ணின்மேல் குற்றமில்லை. அளவை மாற்றும் அதிகாரம் அவளுக்கு இல்லை. அவள் எழுதியதைப் படித்து, அந்த வாரமே பதில் சொல்ல ஒரு வைத்தியர் இருக்க வேண்டும். அங்கேதான் தொலைபேசி உண்மையாகவே உதவும்: நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவே அல்ல, நோயாளியின் பக்கத்தில் அமர்ந்து பார்க்கிற ஒருத்திக்கும் வைத்தியருக்கும் நடுவே.

வீட்டிலே நாம் செய்துகொள்ள வேண்டியதும் சில உண்டு. கொரோனா ஒன்றே இடையூறு என்று எண்ணிவிடாதீர்கள். 2015 டிசம்பரில் சென்னையையும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையையும் வெள்ளம் சூழ்ந்தபோது, மாடியிலும் பள்ளிக்கூடத்திலும் ஒதுங்கியவர்கள் சோற்றுப் பொட்டலத்துக்கு அடுத்தபடியாகக் கேட்டது சர்க்கரை மாத்திரையைத்தான். என்ன மாத்திரை என்றால், “வெள்ளையா, வட்டமா இருக்கும்” என்பார்கள். ஆகவே இரண்டு வாரத்துக்குப் போதுமான மருந்து எப்பொழுதும் மேல்மிச்சமாக வீட்டில் இருக்கட்டும். பழையதை முதலில் எடுத்து, புதியதைப் பின்னால் வையுங்கள், நெல் குதிரில் செய்வதுபோல. மருந்தின் பெயரையும் அளவையும் தமிழில் எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். காய்ச்சல் கண்டு சாப்பாடு குறைந்தது என்பதற்காக இன்சுலினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நோய் கண்ட நாளில் சர்க்கரை பெரும்பாலும் ஏறவே செய்யும். வாந்தியும் பேதியுமாய் உடம்பில் நீர் வற்றினால் மெட்ஃபார்மினைத் தொடரலாமா என்று உடனே கேட்டுக்கொள்ளுங்கள். கொரோனா வந்து குணமானவர்கள், அப்போது முதன்முதலாகச் சர்க்கரை கண்டிருந்தால், ‘அது அந்தக் காய்ச்சலோடு வந்தது, அதோடு போயிருக்கும்’ என்று இருந்துவிடாமல் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். சிலருக்குப் போயிருக்கிறது, பலருக்குப் போகவில்லை.

பாதி மாத்திரைப் பாட்டி இப்போதும் இருக்கிறாள். அவள் நோட்டில் 2020 ஏப்ரலுக்கு அப்புறம் நான்கு கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன.

கால் எடுக்கப்பட்ட பெரியவரைச் சென்ற மாதம் அவர் ஊருக்குப் போய்ப் பார்த்தேன். நான் போன நேரத்தில் அவ்வூர்த் தன்னார்வலப் பெண் திண்ணையில் அமர்ந்து, அவர் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்திருக்க முயன்றார்; “இருங்க தாத்தா, காத்து ஏறிக்கிட்டு இருக்கு” என்று அவள் அதட்டினாள். அழுத்தத்தை எழுதினாள், விரலைக் குத்திச் சர்க்கரையை எழுதினாள். பிறகு அவர், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, மிஞ்சியிருந்த வலக்காலை மெல்லத் தூக்கி அவள் பக்கமாக நீட்டினார். அவள் அதைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு, உள்ளங்கால் வெளிச்சத்தில் படும்படி திருப்பி, ஒவ்வொரு விரலிடுக்கையும் விலக்கிப் பார்க்கத் தொடங்கினாள்.